என்னைப் பெற்ற தாயே: பிள்ளைப்பேற்றில் தந்தையின் இடம்

பிள்ளை பிறப்பதைச் சொல்லத் தமிழில் இரண்டு வினைகள் வழங்குகின்றன. ஒன்று ஈனுதல், மற்றொன்று பெறுதல். ஈனுதல் உடலின் வேலை. பசு கன்றை ஈனுகிறது, வாழை குலை ஈனுகிறது, பெண் பிள்ளையை ஈனுகிறாள், ஆணுக்கு அந்த வினை ஒட்டுவதில்லை. பெறுதல் என்பதோ ஒன்று தன்னிடம் வந்து சேர்வதைக் குறிக்கும் சொல்லாதலால், பரிசு பெற்றவன், வரம் பெற்றவன் என்பதைப் போலவே, பிள்ளை பெற்றவள் என்றும் பெற்ற அப்பன் என்றும் சொல்ல இடம் கொடுக்கிறது. பேறு என்னும் பெயர்ச்சொல் செல்வத்தையும் நற்பயனையும் குறிப்பதும், தாயும் தந்தையும் சேர்ந்து பெற்றோர் எனப்படுவதும் இதனால்தான். திருக்குறளின் ஏழாம் அதிகாரத்துக்குப் பரிமேலழகர் கொண்ட தலைப்பு ‘புதல்வரைப் பெறுதல்’. இன்று பெருவழக்காக உள்ள ‘மக்கட்பேறு’ என்னும் தலைப்பு மகளையும் உள்ளடக்குவதால் அதுவே பொருத்தமானது. இரண்டிலும் வினை ஒன்றுதான். வலியும் குருதியும் தன் உடலில் இல்லாத ஒருவன் ஒரு பிள்ளையைப் பெறும்போது அவனுக்கு நேர்வது என்ன என்பதே இச்சொற்பொழிவின் பொருள்.

இப்பொருளைத் திருநின்றவூரில் வைத்துப் பேசுவதற்குத் தனிக் காரணம் உண்டு. சென்னை - அரக்கோணம் இருப்புப்பாதையில் ஆவடிக்கு மேற்கே உள்ள இவ்வூர், திருமகள் வந்து நின்றமையால் இப்பெயர் பெற்றது என்பது தலபுராணம். வைணவர்கள் போற்றும் 108 திவ்விய தேசங்களுள் ஒன்றாகிய இவ்வூர்ப் பக்தவத்சலப் பெருமாள் கோயிலில் தாயாரின் திருப்பெயர் ‘என்னைப் பெற்ற தாயார்’ என்பதாகும். பெயர் வந்த கதை இவ்வூரார் அனைவரும் அறிந்ததே: வைகுண்டத்தை விட்டு நீங்கி இங்கே வந்து நின்ற திருமகளைத் திரும்ப அழைத்துச் செல்ல அவளுடைய தந்தை சமுத்திரராசன் வந்தான்; மகள் இசையவில்லை; தந்தை என்னும் உரிமையால் ஆணையிடாமல் அவன் ‘என்னைப் பெற்ற தாயே’ என்று விளித்து வேண்டினான்; அந்த விளியே அவளுக்குப் பெயராக நிலைத்துவிட்டது.

இக்கதையைக் கேட்போர் பெரும்பாலும் கவனியாமல் விடும் நுட்பம் ஒன்று அதனுள் இருக்கிறது. திருமகள் சமுத்திரராசனுக்கு மகளானது எப்படி? மந்தர மலையை மத்தாகவும் வாசுகியைக் கயிறாகவும் கொண்டு தேவரும் அசுரரும் பாற்கடலைக் கடைந்தபோது, அக்கடலினுள்ளிருந்து தோன்றியவள் அவள். ஆகவே இந்தத் தந்தை மற்றத் தந்தையரைப் போல வாசலில் காத்து நின்றவன் அல்லன். தன் வயிறு கடையப்பட்டு, தன் உடல் முழுவதும் கலங்கி, தன்னுள்ளிருந்தே மகளை வெளியே தந்தவன். ‘நான் பெற்றேன்’ என்று சொல்லிக்கொள்ளும் உரிமை தந்தையருள் எவருக்கேனும் உண்டென்றால் அது முதலில் இவனுக்கே உண்டு. அந்த உரிமை உடையவனே மகளை நோக்கி, ‘நீ என்னைப் பெற்றாய்’ என்கிறான். இதை அன்பின் மிகையென்று ஒதுக்கிவிடலாகாது. மகள் பிறப்பதற்கு முன் கடல் இருந்தது, தந்தை இல்லை. அவள் தோன்றிய நாழிகையில்தான் கடல் தந்தையாயிற்று என்னும் கண்டிப்பான உண்மையை அந்த விளி சொல்கிறது.

தமிழ்நாட்டு வீடுகளில் இந்த விளி நாள்தோறும் கேட்பதே. மகளை ‘அம்மா’ என்றும் ‘தாயே’ என்றும், மகனை ‘அப்பா’ என்றும் ‘ஐயா’ என்றும், சென்னை வட்டாரத்தில் ‘நைனா’ என்றும் அழைக்கும் தந்தையர் எண்ணற்றோர். இவ்வழக்கின் வேர்களுள் ஒன்று பெயரிடும் மரபில் உள்ளது. பாட்டனின் பெயரைத் தாங்கியவன் என்பதாலேயே மகனின் மகனுக்குப் பெயரன் என்னும் பெயர் வந்தது, அதுவே பேச்சில் பேரன் ஆயிற்று. தன் தகப்பனின் பெயரைத் தன் மகனுக்கு இட்டவன் அந்தப் பெயரைச் சொல்லி ‘வாடா’ என்று கூப்பிடத் தயங்கி, ‘வாப்பா’ என்றே கூப்பிடுகிறான். இவ்வாறு தொட்டிலில் கிடக்கும் குழந்தை, குனிந்து பார்ப்பவனுக்கு ஒரே நேரத்தில் பிள்ளையாகவும் பெற்றவராகவும் ஆகிறது.

பழந்தமிழ் இலக்கியம் தந்தையை இந்த இடத்தில் எப்படி நிறுத்தியது என்பது விரிவாகப் பார்க்கத்தக்கது. பிள்ளை பெற்ற அணிமையை, அதாவது ஈன்ற சில நாள்களின் நிலையை, பழந்தமிழ் ‘புனிறு’ என்ற ஒரே சொல்லால் குறித்தது. தொல்காப்பியத்தின் உரியியல் இச்சொல்லுக்குப் பொருள் கூறுகிறது. அண்மையில் கன்று ஈன்ற பசு ‘புனிற்றா’ எனப்பட்டது. அந்நாள்களின் மணத்தையும் சோர்வையும் ஈரத்தையும் ஒருங்கே உணர்த்தும் வேறு சொல் இன்றைய வழக்கில் இல்லை, இழந்த சொற்களுள் இதை இழந்ததற்காகத் தமிழர் வருந்தவேண்டும். இதே தொல்காப்பியத்தின் கற்பியல், மணவாழ்க்கையில் தலைவன் பேசுவதற்குரிய இடங்களை வரிசைப்படுத்தும்போது, புதல்வனைப் பெற்றுப் புனிறு தீர்ந்த பொழுதில் நெய்யாடிய மனைவியை நோக்கி அவன் பேசுவதையும் ஓர் இடமாக வைக்கிறது. நெய்யாடல் என்பது பிள்ளை பெற்றவள் எண்ணெய் தேய்த்து நீராடுதல். பிள்ளைப்பேற்றின்பின் கணவனுக்கும் சொல்லுவதற்கு ஏதோ இருக்கும் என்பதை இலக்கண நூலே ஒப்புக்கொண்டிருப்பது சிறிய செய்தி அன்று.

அவன் என்ன சொன்னான் என்பதை நற்றிணையின் 370-ஆம் பாடல் காட்டுகிறது. பிள்ளை பெற்றுப் படுத்திருப்பவளிடம் தலைவன் வருகிறான். நெய்யும் ஐயவி என்னும் வெண்சிறுகடுகும் வீட்டில் மின்னுகின்றன. ஒரு பிள்ளையைப் பெற்றதனால் முதுபெண்டு என்ற பெயரைப் பெற்றுவிட்டுத் தூங்குகிறாயோ என்று கேலி கலந்து கேட்டு, கையிலுள்ள குவளை மலரால் அவள் வயிற்றைத் தொடுகிறான். அவள் மெல்லப் புன்னகைத்துக் கண்களைக் கையால் மூடிக்கொள்கிறாள். இக்காட்சியைச் சொல்பவன் தலைவனே. பிற்காலத்தில் அவள் ஊடியிருக்கும் வேளையில், அந்தப் பழைய நாளை நினைந்து பாணனிடம் சொல்கிறான். மலர் கொண்டு தொட்ட இடம் எது என்பதைப் புலவர் கவனமாகத் தேர்ந்திருக்கிறார்: பத்து மாதம் பிள்ளை கிடந்து இப்போது வெறுமையாகித் தளர்ந்த வயிறு. அவள் பட்ட பாட்டைப் புகழ்ந்துரைக்கச் சொல் அறியாத ஒருவன் செய்யக்கூடிய வணக்கம் அது. பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் பிள்ளையைத் தந்த உடலைப் பார்த்த தந்தை ஒருவன் தமிழிலக்கியத்தில் இருக்கிறான் என்பது பெருமைக்குரியது.

நற்றிணையின் 40-ஆம் பாடல் இதற்கு நேர்மாறான தந்தையைக் காட்டுகிறது. காவலுள்ள வீட்டில் மணி ஒலிக்கிறது. இலை வேய்ந்து மணல் பரப்பிய பந்தலில் பாணர் காவலிருக்கிறார்கள். பெண்கள் விரிச்சிக்காக, அதாவது நற்சொல் ஏதேனும் காதில் விழுமா என்பதற்காக, நிற்கிறார்கள். மெல்லிய துணி விரித்த படுக்கையில் செவிலியோடு குழந்தை தூங்குகிறது. நெய்யாடிய தாய் இமை மூடிக் கிடக்கிறாள். நள்ளிரவில் தலைவன் கள்வனைப் போல வருகிறான். வேறொருத்தியின் வீட்டில் இருந்தவன் அவன். தன் தந்தையின் பெயரைத் தாங்கப்போகும் பிள்ளை பிறந்ததால் வந்தான் என்று அந்தப் பரத்தையே பேசுவதாகப் பாடல் அமைந்திருக்கிறது. குற்றம் செய்தவன் கள்வனைப் போல வந்தான் என்பது பாடலின் நேர்ப்பொருள். ஆனால் அந்த உவமை அவன் குற்றத்தோடு நின்றுவிடுவதில்லை. பந்தலில் பாணருக்கு வேலை உண்டு, பெண்களுக்கு வேலை உண்டு, செவிலிக்கு வேலை உண்டு. அந்த வீட்டில் செய்வதற்கு ஒரு வேலையும் இல்லாதவன் அவன் ஒருவனே. தன் பிள்ளை பிறந்த வீட்டிலேயே வழி தெரியாமல் நிற்கும் ஆணின் கூச்சத்தை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன உவமை அரிது. குற்றமற்ற தந்தையர்கூட மகப்பேற்று வார்டின் வாசலில் அப்படித்தான் நிற்கிறார்கள்.

மூன்றாவது தந்தை அதியமான் நெடுமான் அஞ்சி. தகடூரை, இன்றைய தருமபுரியை, ஆண்ட அவன் தனக்குப் பிறந்த மகனைக் கண்ட வேளையை ஔவையார் பாடியது புறநானூற்றின் 100-ஆம் பாடல். கையில் வேல், காலில் கழல், உடலில் வியர்வை, கழுத்தில் ஆறாத பசும்புண். புலியோடு பொருத யானையைப் போல அவன் சினம் இன்னும் அடங்கவில்லை. பகைவரை நோக்கிச் சிவந்த கண், பெற்ற மகனை நோக்கிய பின்னும் சிவப்பு நீங்கவில்லை. உரைகாரர்கள் இதை அவன் வீரத்தின் புகழாகக் கொண்டனர், அது சரியே. எனினும் பாடியவர் பெண் என்பதையும், அவர் கண்ட காட்சி ஒரு தொட்டிலருகே நிகழ்ந்தது என்பதையும் மனத்தில் வைத்துப் படித்தால், புகழுக்குள் ஒரு துயரமும் கேட்கிறது. வெளியுலகத்தின் சினத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வர அவனால் இயலவில்லை. உடல் வந்து சேர்ந்துவிட்டது, கண் இன்னும் களத்தில் இருக்கிறது. இக்கண்ணின் சிவப்பை நினைவில் வைத்துக்கொள்வது நலம், பின்னால் அது தேவைப்படும்.

தந்தை வெளியே நிறுத்தப்படாத சமூகங்களும் இந்நாட்டில் இருந்தன. தெலுங்கு நாட்டில் எருக்கலர் என்றும் தமிழ்நாட்டில் குறவர் என்றும் அறியப்பட்ட மக்களிடையே, மனைவிக்கு வலி கண்டவுடன் கணவன் அவளுடைய சேலையை உடுத்து, மங்கலான விளக்குள்ள இருட்டறையில் போர்த்திப் படுத்துக்கொள்வான் என்றும், பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டி அவன் அருகில் கிடத்துவார்கள் என்றும், பெருங்காயமும் வெல்லமும் அவனுக்கே தரப்படும் என்றும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குறிப்புகள் கூறுகின்றன. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட ஏழு தொகுதிகள் கொண்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலிலும் இவ்வழக்கம் இடம்பெற்றுள்ளது. மானிடவியலார் இதைக் ‘கூவாட்’ என்னும் பிரெஞ்சுச் சொல்லால் குறிப்பர். தந்தை பேறுகாலம் காத்தல் என்று தமிழில் சொல்லலாம். குறத்தி பிள்ளை பெறக் குறவன் காயம் தின்ற கதை என்று ஏளனமாக வழங்கும் பழமொழி இவ்வழக்கத்தின் எச்சமே. காயம் என்பது பிள்ளை பெற்றவளுக்குத் தரும் கார மருந்து. பிறரது வழக்கத்தைப் பழமொழியாக்கிச் சிரித்தவர்கள், அதன் உள்ளிருந்த எண்ணத்தைக் காணவில்லை: தீய பார்வையும் தீங்கும் பிள்ளை பெறுபவள்மேல் விழாமல் தன்மேல் விழட்டும் என்று ஒருவன் அவள் சேலையை உடுத்துப் படுத்திருந்தான் என்றால், அது சிரிப்புக்குரியது அன்று. மருந்து தாய்க்குப் போகாமல் அவனுக்குப் போனது பிழை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இனி, பிறப்புக்கு முன்னுள்ள மாதங்கள். குழந்தையின் அசைவைத் தாய் ஏறத்தாழ 18 முதல் 20 வாரங்களுக்குள் தன் உடலில் உணரத் தொடங்குகிறாள். வயிற்றின்மேல் வைத்த தந்தையின் உள்ளங்கைக்கு அது எட்டப் பின்னும் சில வாரங்கள் ஆகும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு அழைத்துச் செல்லும் தமிழ்நாட்டு மரபில், வளைகாப்பு முடிந்து அவள் போய்விட்டால் அந்தத் தொடுகையும் நின்றுபோகிறது. எனவே தந்தை பிள்ளையைச் சுமப்பது மனத்தில்தான். இவ்விடத்தில் திருநின்றவூரின் மற்றொரு பெருமகனை நினையாமல் இருக்க முடியாது. குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடிய பூசலார் நாயனார் இவ்வூரினர். கோயில் கட்டப் பொருள் தேடியும் கிட்டாத நிலையில், கல்லும் மரமும் தச்சரும் எல்லாம் மனத்திலேயே திரட்டி, அடிநிலை தொடங்கிச் சிகரம் வரை நாள்தோறும் எழுப்பி, கிணறும் மதிலும் அமைத்து, குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். காஞ்சியில் கற்றளி எடுத்த பல்லவ அரசன் அதே நாளைக் குறித்திருந்தபோது, இறைவன் அவன் கனவில் தோன்றி, அன்று திருநின்றவூர் அன்பனின் கோயிலுக்குள் புகப்போவதாகக் கூறி, அவனுடைய விழாவை வேறு நாளுக்குத் தள்ளி வைக்கச் சொன்னார். இருதயாலீசுவரர் கோயில் இன்றும் அந்த நினைவைத் தாங்கி நிற்கிறது.

நாயனாரின் பக்தியோடு இல்லறத்தானின் காத்திருப்பை ஒன்றாக்குவது தகாது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நாள் தவறாமல் மனத்தில் கட்டிக்கொண்டிருப்பது உழைப்பே என்பதையும், அதைப் பிறர் காணாவிட்டாலும் அது உண்மையானதே என்பதையும் பூசலார் வரலாறு இவ்வூரார்க்குக் கற்பித்திருக்கிறது. பிள்ளை வருமுன் பெயர்களை எண்ணிப் பார்ப்பவன், சம்பளத்தில் மருத்துவச் செலவுக்கென ஒதுக்குபவன், நள்ளிரவில் வலி எடுத்தால் எந்த ஆட்டோவைக் கூப்பிடுவது என்று கேட்டு வைப்பவன், தன் தகப்பனின் கடுமையைத் தான் காட்டக்கூடாது என்று தீர்மானிப்பவன் ஆகிய எல்லாரும் கட்டுவது மனக்கோயில்தான். மனத்தில் கட்டியது மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. பிறந்த மூன்று நாள்களுக்குள்ளேயே குழந்தைகள் தாயின் குரலை வேறு பெண்களின் குரலைவிட விரும்பிக் கேட்கின்றன என்று அமெரிக்க உளவியலார் டிகாஸ்பர் 1980-இல் காட்டினார். 1984-இல் பிரெஸ்காட்டுடன் அவர் செய்த ஆய்வில், தந்தையின் குரலுக்கு வேறு ஆண்களின் குரலைவிட அத்தகைய முதன்மை எதையும் குழந்தைகள் தரவில்லை. கருவிலிருந்து கொண்டுவரும் பழக்கம் தாய்க்கு உண்டு, தந்தைக்கு இல்லை. அவன் தன் குரலைப் பிறப்புக்குப் பிறகே, பேசிப் பேசி, அறிமுகம் செய்துகொள்ள வேண்டும்.

பிறப்பு நிகழும் இடத்துக்கு வருவோம். வீட்டில் மருத்துவச்சி பிள்ளை எடுத்த காலத்தில் தந்தைக்குத் திண்ணை இருந்தது. இப்போது அவனுக்குள்ளது மருத்துவமனை நடைவழி. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காட்டுப் பேறுகள் மருத்துவ நிலையங்களில் நிகழ்கின்றன. தாய்மார்களின் உயிரைக் காத்த பெரும் சாதனை இது, இதில் மறுபேச்சுக்கு இடமில்லை. சென்னையின் மகப்பேறு மருத்துவ வரலாறு நீண்டது: எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844-இல் தொடங்கியது, ஆண் மருத்துவர் முன் வர விரும்பாத பெண்களுக்கென மேரி ஷார்லீப் அம்மையாரின் முயற்சியால் 1885-இல் உருவாகிய மருத்துவமனை, திருவல்லிக்கேணியில் கோஷா ஆஸ்பத்திரி என்று நெடுங்காலம் வழங்கி, பின்னர்க் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை ஆயிற்று. கோஷா என்பது பிற ஆடவர் கண்ணில் படாமல் பெண்கள் வாழும் முறை. ஆணைத் தள்ளி வைத்தது அங்கே பெண்ணுக்குப் பாதுகாப்பாயிற்று. அந்த நியாயத்தை இன்றும் மதிக்கவேண்டும். ஒரே கூடத்தில் பல பெண்கள் வலியோடு படுத்திருக்கும் பிரசவ வார்டில், ஒருத்தியின் கணவன் மற்றவர்களுக்கு அயலான்.

ஆயினும் வலிப்பவளைத் தனியே விடலாகாது என்பதில் மருத்துவம் இப்போது தெளிவாக இருக்கிறது. பேறு நேரத்தில் தொடர்ந்து உடனிருப்பவர் ஒருவர் இருந்தால் இயல்பான பேறு நிகழும் வாய்ப்புக் கூடுகிறது, வலி நேரம் சற்றுக் குறைகிறது, சிசேரியன் குறைகிறது என்பதை, 26 ஆய்வுகளில் 15,000-க்கு மேற்பட்ட பெண்களின் அனுபவத்தைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு 2017-இல் காட்டியது; தாய் விரும்பும் துணையை உடன் அனுமதிக்க வேண்டுமென 2018-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. இந்திய அரசு 2016-இல் வெளியிட்ட நெறிமுறை, பேறு கண்ட பெண் உறவினர் ஒருவரைத் துணையாக விடச் சொன்னது. மறைவுக்கு வசதியுள்ள இடங்களில் கணவனையும் விடலாம் என்றது. கணவன் அருகில் இருந்தால் அவனுடைய பதற்றம் மனைவியைத் தொற்றிக்கொள்ளும் என்று பிரெஞ்சு மருத்துவர் மிஷெல் ஓடான் போன்றோர் எதிர்வாதம் செய்வதும் உண்டு. அதுவும் முழுப் பொய் அன்று. இங்கே முடிவு செய்யவேண்டியவள் வலிப்பவள் ஒருத்தியே. அவளுக்குத் தன் தாயோ அத்தையோ வேண்டுமென்றால் கணவன் வெளியே நிற்பதே அவனுடைய பங்கு. அவளுக்கு அவன்தான் வேண்டுமென்றால், இடைத்திரை ஒன்று இல்லாத குறையால் அது மறுக்கப்படக் கூடாது. திரைச்சீலைக்கு ஆகும் செலவு பெரிதன்று.

வெளியே நிற்பவனின் நேரத்தைப் பற்றி மருத்துவ நூல்கள் பேசுவதில்லை. அவனிடம் கேட்கப்படுபவை கையெழுத்தும் பணமும் குருதிப் பிரிவுமே. ஒப்புதல் படிவத்தில் அபாயங்களின் பட்டியலைப் படித்துக் கையெழுத்திடும்போது, தான் விரும்பும் இரண்டு உயிர்களும் இல்லாமற்போகக் கூடும் என்பதை அவன் வாழ்வில் முதல்முறையாக எழுத்தில் காண்கிறான். அதைச் சொல்லி அழுவதற்கு அந்த நடைவழியில் இடமில்லை. கதவு திறந்ததும் சுற்றத்தார் கேட்கும் முதற்கேள்வி ‘என்ன குழந்தை?’ என்பது. பாலினம் முன்கூட்டி அறிவிப்பதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருப்பதால் அந்தக் கேள்விக்கான விடை கதவில்தான் கிடைக்கிறது. சேலத்தில் 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க நேர்ந்த மாநிலம் இது என்பதை மறக்கலாகாது. பெண் என்று கேட்டு முகம் சுருங்கிய தந்தையரின் வரலாறும் இம்மண்ணின் வரலாறே. மேலே கண்ட சங்கப் பாடல்களில் பிறப்பவை யாவும் ஆண் குழந்தைகள். மகளைத் தாயே என்று அழைத்த தந்தையின் கதையை ஒரு கோயில் தன் தெய்வத்தின் பெயராகவே பாதுகாத்து வந்திருப்பது, அந்த இலக்கியக் குறையை ஈடுசெய்கிறது.

முன்னர்ச் சொன்ன தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பேறுகளில் 44.9 விழுக்காடு சிசேரியன். தாயின் வயிறு தைக்கப்படும் நேரத்தில் குழந்தை யாருடைய கையில் இருக்கிறது என்ற கேள்வி ஆகவே ஏறத்தாழப் பாதிக் குடும்பங்களுக்கு உரியது. ஸ்வீடனில் 29 தந்தையரையும் அவர்களின் சிசேரியன் குழந்தைகளையும் வைத்து 2007-இல் வெளியான ஆய்வு, தந்தையின் வெற்று மார்பில் கிடத்தப்பட்ட குழந்தைகள் தொட்டிலில் கிடத்தப்பட்டவற்றைவிடக் குறைவாக அழுதன, விரைவில் அமைதியடைந்தன என்று கண்டது. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் எடை குறைந்த குழந்தைகளுக்காகத் தொடங்கிய கங்காரு முறையையும் தந்தை செய்யலாம். பால் ஒன்றைத் தவிர வேறு எல்லாம் அந்த மார்பிலும் உண்டு: சூடு, மூச்சின் ஏற்ற இறக்கம், இதயத் துடிப்பு.

தந்தையின் உடலும் மாறாமல் இருப்பதில்லை. பிலிப்பைன்ஸின் செபூ நகரில் 624 இளைஞரை நான்கரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2011-இல் வெளியிடப்பட்ட ஆய்வு, தந்தையானவர்களுக்கு ஆண்மைச் சுரப்பாகிய டெஸ்டோஸ்டிரோன் குறைந்ததையும், நாளில் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ குழந்தையைப் பேணியவர்களுக்கு அது இன்னும் குறைந்திருந்ததையும் காட்டியது. மனமும் தளர்வதுண்டு: 43 ஆய்வுகளைத் தொகுத்த 2010-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் ஏறத்தாழப் பத்துத் தந்தையருள் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் காணப்பட்டது, பிறப்புக்குப் பின் மூன்று முதல் ஆறு மாதங்களில் அது உச்சத்தில் இருந்தது. ‘பிள்ளை பெற்றவள் அவள், உனக்கென்ன?’ என்ற கேள்விக்கு அஞ்சி அவன் இதைச் சொல்லாமல் இருக்கிறான். சொன்னால் தாயின் பாடு சிறுத்துவிடும் என்றும் அஞ்சுகிறான். சிறுக்காது.

இறுதியாக, நாள்கள். மகப்பேறு நலச் சட்டம் 1961-இல் வந்து, 2017-இன் திருத்தத்தால் தாய்க்கு 26 வார விடுப்பு வழங்கியது. தந்தைக்கென அதில் ஒரு பிரிவும் இருக்கவில்லை. மத்திய அரசு ஊழியர் விடுப்பு விதிகள், இரண்டுக்குக் குறைவான குழந்தைகள் உள்ள தந்தைக்கு 15 நாள்களை, பிறப்புக்கு முன்னரோ ஆறு மாதத்துக்குள்ளோ எடுத்துக்கொள்ளுமாறு அளிக்கின்றன. ஸ்வீடன் 1974-லேயே தாய் தந்தை இருவரும் பகிர்ந்துகொள்ளும் விடுப்பைச் சட்டமாக்கிவிட்டது. இம்மேற்குப் புறநகரில் இந்த வேறுபாடு தெருவுக்குத் தெரு தெரியும்: ஆவடியில் மத்திய அரசு விதிகளின்கீழ் பணியாற்றுபவன் 15 நாள் பிள்ளையோடு இருக்கிறான்; அதே மின்சார ரயிலில் வந்து அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலியாக இயந்திரம் இயக்குபவன், விடுப்பெடுத்தால் அன்றைய கூலியை இழக்கிறான். பிறப்புச் சான்றிதழுக்கு அலைவதற்கும் அவனுக்கு ஒரு நாள் போகிறது. பேறு எழும்பூரில் நிகழ்ந்திருந்தால் சான்றிதழில் பிறந்த இடம் சென்னை என்றே இருக்கும், திருநின்றவூர் முகவரியில் மட்டும் வரும்.

இரவு ஷிப்ட் முடிந்து, காதில் இயந்திர இரைச்சல் அடங்காமல், தூக்கமில்லாது சிவந்த கண்ணோடு அவன் வார்டுக்குள் நுழைகிறான். அதியமானின் கண்ணை ஔவையார் பார்த்தது ஒரு பொழுதில். மறுநாளோ அடுத்த வாரமோ அது என்ன நிறத்தில் இருந்தது என்பதைப் பாடல் சொல்லவில்லை. வேலைக் கீழே வைத்து, கழுத்துப் புண் ஆறி, மகனருகே அவன் எத்தனை நாள் இருந்தான் என்பதும் அதில் இல்லை. அம்பத்தூரிலிருந்து வந்தவனுக்கோ அந்தக் கணக்குத் தெரியும்: அடுத்த ஷிப்டுக்கு மணி இரண்டு, அதற்கு முன் பிடிக்கவேண்டிய ரயில் ஒன்று. அதுவரை உள்ள நேரத்தில் அவன் குனிந்து, மகளைப் பார்த்து, ‘அம்மா’ என்கிறான்.